நல்லவளுக்கு மட்டுந்தானா?

2015ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டில், ஏறத்தாழ ஒன்பது திங்கள் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்களின் கதவுகள் திறக்கப்பட்டன. எபோலா என்னும் கொள்ளைநோய் அந்தச் சின்னஞ்சிறு நாட்டிலே ஏறத்தாழ 4,000 உயிர்களைக் குடித்து, ஊர்களை அடைத்து, சந்தைகளைக் கலைத்து, ஒருவாறு ஓயத் தொடங்கிய நேரம் அது. அன்னையை இழந்த பிள்ளை, அண்ணனைப் பறிகொடுத்த தங்கை, ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியின்றித் தவித்த சிறுமி, எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியை நோக்கி நடந்தனர். வாயிலில் அவர்களை வரவேற்றது ஓர் ஆணை. கருவுற்றிருப்பது கண்ணுக்குத் தெரியும் பெண் வகுப்பில் அமரக்கூடாது, தேர்வும் எழுதக்கூடாது!

ஏன்? மற்ற மாணவியர் மாசற்றவர்களாம். இவளைக் கண்டால் அவர்களும் கெட்டுப்போவார்களாம். அரசு சொன்ன காரணம் இது. கருவுறுதல் தொற்றுநோய் போலும்! எபோலாவுக்கு அஞ்சிக் கையைக் கழுவிய நாடு, ஒரு சிறுமியின் வயிற்றுக்கு அஞ்சிக் கதவை அடைத்தது. சில பள்ளிகளில் மாணவியரின் மார்பையும் வயிற்றையும் தடவிப் பார்த்தனர்; சில இடங்களில் சிறுநீரைச் சோதித்தனர். ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதை எழுதும்போது எழுதுகோல் கூசுகிறது. அவளைக் கருவுறச் செய்தவன் எங்கே? அவன் அதே வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கலாம். கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கவும் கூடும். அவனை எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது.

ஆணை ஐந்தாண்டுகள் நின்றது. 2019 டிசம்பரில், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்துக்குரிய நீதிமன்றம், இது பாகுபாடு, மனித உரிமைக்குப் புறம்பு என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச் இறுதியில் அரசு தடையை நீக்கியது. அந்த ஐந்தாண்டில் தேர்வெழுத முடியாமல் போனவர்களுக்கு எந்த நீதிமன்றம் அந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்?

இந்த ஒரு நிகழ்ச்சியை நாம் இங்கே எடுத்துக்கொள்வது, சியரா லியோனைப் பழித்து மகிழ்வதற்காக அன்று. ஆப்பிரிக்கா என்றதும் 'இருண்ட கண்டம்' என்று எவனோ ஒரு வெள்ளையன் இட்டுச்சென்ற பெயரை நாமும் ஒப்பிப்பது பகுத்தறிவாளருக்கு அழகன்று. ஐம்பத்து நான்கு நாடுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள், மக்களுள் பத்தில் ஆறு பேர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர்கள். அந்தக் கண்டத்தைப் போல் இளமை ததும்பும் நிலப்பரப்பு இன்று உலகில் வேறில்லை. அங்கே பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரின் உடல்நலத்துக்கும் முன்னேற்றத்துக்குமென எத்தனையோ திட்டங்கள் தீட்டப்படுகின்றன. கோடி கோடியாகப் பணம் செலவழிக்கப்பட்டிருக்கிறது. அத்தனை திட்டங்களுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. உதவி என்பது நன்னடத்தைக்குத் தரும் பரிசா? அல்லது, தேவைப்படுபவருக்கு உரிய பங்கா? நல்லவளுக்கு மட்டுந்தான் மருந்தும் பாடமும் என்றால், 'நல்லவள்' என்று முத்திரை குத்தும் அதிகாரம் யாருடையது?

முத்திரை குத்தும் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட ஒரு மன்னரின் கதையைக் கேளுங்கள். இன்று எசுவாத்தினி என்று பெயர் மாறியிருக்கும் சுவாசிலாந்தின் அரசர் மூன்றாம் முசுவாத்தி, 2001ஆம் ஆண்டில் பழைய வழக்கம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தார். நாட்டின் கன்னியர் ஐந்தாண்டுகள் ஆடவரைத் தீண்டலாகாது. தம் கன்னிமைக்கு அடையாளமாக வண்ணக் கம்பளி நூற்குஞ்சங்களை அணிய வேண்டும். மீறினால் பசு ஒன்று தண்டம்! எய்ட்ஸ் நோயை ஒழிக்கும் திட்டமாம் இது. கட்டளை பிறந்த சில வாரங்களுக்குள் மன்னர் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியைத் தமக்கு மனைவியாகத் தேர்ந்தெடுத்தார். முணுமுணுப்பு எழுந்தது. மன்னர் என்ன செய்தார்? தமக்குத் தாமே தண்டம் விதித்துக்கொண்டார். எவ்வளவு? பசு ஒன்று!

ஐந்தாண்டுக் கெடு முடியும் முன்பே, 2005இல் கட்டளை கைவிடப்பட்டது. குஞ்சங்களைக் கழற்றி எரித்தனர். அதற்கு முந்தைய ஆண்டில், அந்நாட்டு மருத்துவ நிலையங்களுக்கு வந்த கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. குஞ்சத்தைக் கண்டு கிருமி ஓடிவிடவில்லை. அரண்மனைக்குள்ளே பசு ஒன்றுக்கு விலைபோன அறம், குடிசைக்குள்ளே சிறுமியின் தலையில் சுமையாகக் கட்டப்பட்டது. இதுதான் நடந்தது.

மன்னராட்சியில் இப்படி நடக்கும், மக்களாட்சியில் நடக்காது என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டா. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலத்திலே உத்துக்கேலா மாவட்ட மன்றம் 2016ஆம் ஆண்டில் பதினாறு பெண்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை வழங்கியது. அவர்கள் கன்னியராகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காலம் தவறாமல் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது நடைமுறை. ஆடவர்க்கு அத்தகைய நிபந்தனை உண்டா? இல்லை. இருக்க முடியாது, சோதிக்க வழி ஏது? அந்நாட்டின் பாலினச் சமத்துவ ஆணையம் அதே ஆண்டு சூன் திங்களில், இந்த நிபந்தனை அரசமைப்புக்கு முரணானது என்று கூறிவிட்டது.

இந்த உதவித்தொகையைச் சற்று நின்று நோக்கினால்தான் நம் கேள்வியின் கூர்மை புலப்படும். உதவி பெறும் மாணவி ஒருத்தியை ஒரு கயவன் வன்முறையால் கெடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவள் குற்றம் யாது? ஒன்றுமில்லை. ஆயினும் நிபந்தனையின் எழுத்துப்படி அவள் தகுதி இழக்கிறாள். அவள் வாய் திறந்து முறையிடுவாளா? முறையிட்டால் படிப்பு போகும். ஆகவே, ஒழுக்கத்தைக் காக்கப் போட்ட வேலி, ஒழுக்கங்கெட்டவனைக் காக்கும் அரணாக மாறுகிறது. அதை இயற்றியவர் அப்படி எண்ணியிருக்க மாட்டார் என்பதை நாம் ஒப்புகிறோம். எண்ணம் நல்லதாயிருந்தால் போதுமா? கட்டிய வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா?

'அது ஆப்பிரிக்கரின் பண்பாடு. அதில் தலையிட நீ யார்?' என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் பண்பாட்டின் பெயரால் பேசும் உரிமையை எப்போதும் முதியவர், அதிலும் ஆடவர், எடுத்துக்கொள்வதேன்? சிம்பாப்வே நாட்டில், சிறுவயதிலேயே மணவாழ்க்கையில் தள்ளப்பட்ட இளம்பெண்கள் இருவர், இலவ்னெசு முட்சுரு, ருவிம்போ சொபோட்சி என்போர், குழந்தை மணத்தை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றத்தின் படியேறினர். பதினெட்டு வயதுக்குக் கீழ் மணம் செல்லாது என்ற தீர்ப்பை 2016 சனவரியில் வென்றனர். மலாவி நாட்டின் தேட்சா மாவட்டத்திலே தெரேசா கச்சிந்தமோட்டோ என்னும் தலைவி, தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் நூற்றுக்கணக்கான குழந்தை மணங்களைச் செல்லாதன என்று அறிவித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். மரபுவழித் தலைமையின் பெயராலேயே மரபை முறித்தார்! இவர்கள் ஆப்பிரிக்கர் அல்லரா? சியரா லியோனின் ஆணையை முறியடித்த நீதிபதிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களா?

ஒழுக்கக் காவலர் அடுத்து எடுக்கும் படைக்கலம், அறியாமை. சொல்லாதே, சொன்னால் கெட்டுப்போவார்கள் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க அரசு 2003ஆம் ஆண்டில் எய்ட்ஸ் ஒழிப்புக்கெனப் பெருநிதி ஒதுக்கியபோது, நோய்த்தடுப்புப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை, மணமாகும் வரை விலகியிருக்குமாறு போதிப்பதற்கே செலவிட வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவைத்தது. 2008இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. 2004 முதல் 2013 வரை ஏறத்தாழ 140 கோடி டாலர் இந்தப் போதனைக்குப் போயிற்று. பயன் என்ன என்று ஆய்வாளர் இருபத்திரண்டு நாடுகளின் புள்ளிகளைக் கொண்டு ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். பணம் பாய்ந்த நாடுகளிலும் பாயாத நாடுகளிலும் இளையோரின் நடத்தையில் வேறுபாடு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை.

அறிவுரை வேறு, அறிவு வேறு. இதற்கு மேற்குக் கென்யாவிலே அழகானதொரு சான்று கிடைத்தது. அங்கே 328 தொடக்கப்பள்ளிகளைக் கொண்டு பிரெஞ்சுப் பொருளியலறிஞர் பாசுகலின் தூப்பா ஓர் ஆய்வு நடத்தினார். சில பள்ளிகளில் அரசு வகுத்த பாடத்திட்டப்படி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. விலகியிரு, அடங்கியிரு என்பதே அந்தப் பாடத்தின் சாரம். மற்றோர் ஏற்பாடாக, 2004ஆம் ஆண்டில் 71 பள்ளிகளின் எட்டாம் வகுப்புக்குச் சென்று, நாற்பது மணித்துளிகள் மட்டும் பேசினர். பேசியது என்ன? எந்த வயது ஆடவரிடம் நோய் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற கணக்கு! வகுப்புத் தோழனைவிட, பணமும் பரிசும் காட்டி அழைக்கும் வயது முதிர்ந்தவனிடமே நோய் மிகுதி என்ற உண்மை அந்தச் சிறுமியருக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஓராண்டில் அந்தப் பள்ளிகளின் மாணவியரிடையே கருவுறுதல் 28 விழுக்காடு குறைந்தது. அரசுப் பாடத்தின் பயனோ, பூச்சியம்.

ஏன் இப்படி? விலகியிரு என்பவன் அவளைக் குழந்தையாகக் கருதுகிறான். கணக்கைக் காட்டுபவன் அவளை எண்ணிப்பார்க்கத் தெரிந்தவளாகக் கருதுகிறான். எட்டாம் வகுப்பில் கூட்டல் கழித்தல் கற்பித்துவிட்டு, தன் உயிரைப் பற்றிய கணக்கை மட்டும் அவள் போடக்கூடாது என்றால் அந்தக் கல்வி எதற்கு? ஆனால் ஒன்று. அந்தக் கணக்கைக் கேட்ட பெண்கள் எல்லாரும் துறவு பூண்டுவிடவில்லை. சிலர் முதியவரை விட்டுத் தம் வயதொத்தவரை நாடினர். ஒழுக்கக் காவலருக்கு இது தோல்வியாகத் தோன்றும். சாவைத் தவிர்த்ததை வெற்றி என்போமா, சொல்லைக் கேட்பதே வெற்றி என்போமா? நாம் முன்னதையே வெற்றி என்போம்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நமக்கு இனிக்கும். அறிவைக் கொடு, அனைத்தும் சரியாகும் என்று முழங்கிவிட்டு அமரலாம். ஆனால் பகுத்தறிவு என்பது நமக்குப் பிடித்த சான்றை மட்டும் பொறுக்கும் வித்தையன்று. தான்சானியா நாட்டு முவான்சாப் பகுதியில், 'இளையோர்க்கு நல்லவை' என்னும் பொருள்படும் சுவாகிலிப் பெயர் தாங்கிய திட்டம் ஒன்று, தொண்ணூறுகளின் இறுதியில் இருபது சமூகங்களை ஈடுபடுத்தித் தொடங்கியது. பள்ளியில் பாடம், மருத்துவ நிலையத்தில் இளையோருக்கு இதமான பணிவிடை, ஊரில் ஆணுறை வழங்கல் என எல்லாம் செம்மையாக நடந்தன. பல்லாண்டுக்குப் பின் அளந்து பார்த்தனர். அறிவு வளர்ந்திருந்தது. மனப்பான்மையும் ஓரளவு மாறியிருந்தது. நோயோ குறையவில்லை!

இதை நாம் விழுங்கியே ஆக வேண்டும். கென்யச் சிறுமிக்குக் கிடைத்த அறிவு, அவள் கைக்கெட்டும் ஒரு தேர்வுக்கு வழிகாட்டியது. இவனை விட்டு அவனை நாடு, அல்லது இருவரையும் விடு. ஆனால் சவுக்காரத்துக்கும் சீருடைக்கும் இன்னொருவன் கையை எதிர்பார்க்கும் பெண்ணிடம் அறிவு 'போகாதே' என்கிறது; வயிறு 'போ' என்கிறது. மூளைக்கும் வயிற்றுக்கும் வழக்கு நடந்தால் வயிறு பக்கம் தீர்ப்பாவதை யார் அறியார்? எத்தியோப்பியாவின் அம்ஃகாரா வட்டாரத்தில் 2004 முதல் 2006 வரை நடந்த ஒரு திட்டத்தை அமைத்தவர்கள் இதை உணர்ந்திருந்தனர். பெண்ணை மணம்முடித்துக் கொடுக்காமல் திட்டத்தில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு முடிவில் ஓர் ஆடு தருவதாகச் சொன்னார்கள். பத்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள பெண்களிடையே குழந்தை மணம் பெரிதும் அருகிற்று. வேதமும் விதியும் காரணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த கொடுமைக்குப் பின்னால், பல வீடுகளில், ஓர் ஆட்டின் விலையளவு வறுமைதான் நின்றுகொண்டிருந்தது போலும்.

ஆடு கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம். அப்போது நம் பழைய கேள்வி புதிய உடையணிந்து வருகிறது. நிபந்தனையோடு கொடுப்பதா, நிபந்தனையின்றிக் கொடுப்பதா?

மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009 ஆகிய ஈராண்டுகளில் இதற்கே ஒரு சோதனை நடத்தினார்கள். பதின்மூன்று முதல் இருபத்திரண்டு வயது வரையுள்ள, மணமாகாத பெண்கள். திங்கள்தோறும் பெற்றோர்க்கு 4 முதல் 10 டாலர். பெண்ணுக்குத் தனியே 1 முதல் 5 டாலர். தொகையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தனர். பள்ளி மாணவியரில் ஒரு பிரிவினருக்கு, நூற்றுக்கு எண்பது நாள் பள்ளிக்கு வந்தால்தான் பணம். மற்றொரு பிரிவினருக்கு, வந்தாலும் வராவிட்டாலும் பணம். பதினெட்டுத் திங்கள் சென்றபின் குருதியைச் சோதித்தபோது, பணம் பெறாத மாணவியரில் நூற்றுக்கு 3 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பணம் பெற்றவர்களில் 1.2 பேருக்கு மட்டுமே. சில டாலர்! எத்தனை மேடைகளில் எத்தனை போதகர் தொண்டை வறள முழங்கியும் நடவாதது!

இரு பிரிவுகளுக்கிடையே எது சிறந்தது? இங்கேதான் மெய்யான சிக்கல். நிபந்தனை பெற்ற பெண்கள் பள்ளிக்கு ஒழுங்காக வந்தார்கள். தேர்விலும் அவர்களே மேல். நிபந்தனைக்காரர் வென்றார் என்று தோன்றுகிறதல்லவா? மறுபக்கத்தைப் பாருங்கள். கருவுறுதலும் மணமும் பெரிதும் குறைந்தது நிபந்தனையற்ற பிரிவில்தான்; கருவுறுதல் 27 விழுக்காடு, மணம் 44 விழுக்காடு. காரணம் எளிது. எப்படியும் சில பெண்கள் பள்ளியை விட்டு விலகுகிறார்கள். நிபந்தனைப் பிரிவில், விலகிய மறு திங்களே பணம் நின்றுபோகிறது. பள்ளியும் இல்லை, பணமும் இல்லை, எஞ்சியிருப்பது மணமேடை. மற்றப் பிரிவில், விலகியவள் கையில் ஒரு டாலரோ ஐந்து டாலரோ இருக்கிறது. 'இப்போது மணம் வேண்டாம்' என்று சொல்ல அந்தச் சிறு தொகை அவளுக்கு ஒரு நாவைத் தந்தது.

கடைத்தேறியவளுக்குப் பரிசும், கால் இடறியவளுக்குப் பட்டினியும்! மிகுதியாகத் தேவைப்படும் நாளில் கையை இழுத்துக்கொள்வது எந்த அறத்தில் சேர்த்தி?

ஆயினும் இந்த ஆய்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. திட்டம் முடிந்து பணம் நின்றதும், நிபந்தனையற்ற பிரிவில் கண்ட நன்மைகள் இரண்டே ஆண்டில் கரைந்தன. ஒத்திப்போட்ட மணங்களும் மகப்பேறுகளும் விரைந்து வந்தன. இன்னொரு புதுமையும் உண்டு. திட்டம் தொடங்கும் முன்பே பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்கள் சிலருக்கு, 'திரும்பி வந்தால் பணம்' என்ற நிபந்தனையோடு கொடுத்தனர். அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் மட்டும் நன்மை நிலைத்து நின்றது. பணம் போயிற்று, படிப்பு தங்கிற்று!

ஆக, நிபந்தனை என்றாலே அடக்குமுறை என்று ஒரே கோடாகப் போட நம்மால் இயலவில்லை. 'வா, கதவு திறந்திருக்கிறது, வந்தால் வழிச்செலவும் தருகிறேன்' என்பது ஒரு நிபந்தனை. 'நீ இன்னும் மாசுபடவில்லை என்று மெய்ப்பி' என்பது மற்றொரு நிபந்தனை. முன்னதை நிறைவேற்றுவது அவள் காலில் இருக்கிறது. இன்று தவறினாலும் நாளை வரலாம். பின்னதோ அவள் கையில் இல்லாத ஒன்றுக்காக, திரும்பப் பெறவே இயலாத ஒன்றுக்காக, அவளை நிரந்தரமாகத் தள்ளுகிறது. முன்னதிலும் ஒரு நெறி வேண்டும். வரச்சொல்லும் அரசு, வருவதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தான்சானியாவில் 2017இல் அதிபர் மாகுஃபூலி, தம் ஆட்சியில் பிள்ளைபெற்ற பெண் எவளும் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று அறிவித்தார். 2021 நவம்பரில்தான், அவருக்குப்பின் வந்த சாமியா சுலுகு அசன் ஆட்சியில், அந்தத் தடை அகன்றது. அந்த இடைக்காலத்தில் அத்தகைய பெண்ணிடம் 'பள்ளிக்கு வந்தால் பணம்' என்று ஒருவர் சொல்லியிருந்தால், அது உதவியா, ஏளனமா?

உகாண்டாவிலே 2008 முதல் பிராக் நிறுவனம் நடத்திய மன்றங்களையும் இங்கே சொல்ல வேண்டும். மாலையில் பெண்கள் கூடும் ஓரிடம். விளையாட்டு, பாட்டு, உடலைப் பற்றிய ஒளிவுமறைவற்ற பேச்சு, கூடவே தையலோ முடிதிருத்தலோ ஒரு கைத்தொழில். நான்காண்டுக்குப் பின், அந்த ஊர்களில் இளவயதுக் கருவுறுதல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. தம் விருப்பத்துக்கு மாறாகப் புணர்ச்சிக்கு உட்படுத்தப்பட்டதாகச் சொன்ன பெண்களின் தொகையும் வெகுவாகக் குறைந்தது. அறிவும் வருவாயும் ஒருசேரக் கிடைத்த இடம் அது; யாரையும் சோதித்து உள்ளே விடாத இடமும்கூட. நாம் தொடக்கத்தில் கூறிய சியரா லியோனிலும் எபோலா பரவிய காலத்தில் சில ஊர்களில் இதே மன்றங்கள் இருந்தன. அங்கே பெண்கள் கருவுறுவதும் படிப்பை விடுவதும் மற்ற ஊர்களைவிடக் குறைவு. ஒரு பக்கம் மன்றம் தாங்கிப் பிடித்தது, மறுபக்கம் அமைச்சகம் தள்ளிவிட்டது. ஒரே நாட்டில், ஒரே நேரத்தில்! தான்சானியாவில் இதே மன்றங்களைக் குறைந்த செலவில், குறைந்த வசதியில் நட்டுப் பார்த்தபோது பயன் விளையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பையன்களைப் பற்றி இதுவரை நாம் பேசவேயில்லை என்று வாசகர் குறைகூறலாம். திட்டங்களே பேசவில்லை! பேசிய ஓரிடத்திலும் அவர்களை எண்ணிக்கையாகத்தான் கண்டனர். முன்தோல் நீக்கினால் ஆடவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு குறையும் என்பது மெய்யான மருத்துவ அறிவு. 2007 முதல் கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளில் அது இயக்கமாக நடந்தது. இலக்கு இத்தனை இலட்சம் என்று மேலிருந்து வந்தது. வளர்ந்தவர்கள் கத்திக்கு அஞ்சித் தயங்க, பத்து முதல் பதினான்கு வயதுப் பையன்கள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர், கணக்கு நிறைந்தது. அந்த வயதில் புண் ஆறாமல் நேரும் தீங்கு மிகுதி, தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் முதிர்ச்சியும் இல்லை என்பதைக் கருதி, 2020இல் உலக சுகாதார நிறுவனம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் என வரம்பு வகுத்தது. பெண்ணிடம் கன்னிமையை எண்ணினார்கள். பையனிடம் முன்தோலை எண்ணினார்கள். இருவரிடமும், 'உன் விருப்பம் என்ன?' என்று கேட்க நேரமில்லை.

கேட்டால் என்ன நடக்கும்? சிம்பாப்வேயில் 'சுவாந்திரி' என்றொரு அமைப்பு இருக்கிறது. ஷோனா மொழியில் அச்சொல்லுக்கு, 'நான் இருக்கிறபடியே' என்று பொருள். எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் வளரிளம் பருவத்தினர் சிலர், ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேச ஓரிடம் வேண்டும் என்று கேட்டதால் 2004இல் பிறந்தது அது. மருந்தை நாள்தோறும் விழுங்க வேண்டும், விழுங்கினால் வாழலாம். ஆனால் பள்ளியில் தோழர் பார்ப்பாரோ, வீட்டில் மாமன் ஏசுவானோ என்று அஞ்சி, மாத்திரையை மண்ணில் புதைத்துவிடும் பிள்ளைக்கு மருத்துவரின் அதட்டல் உதவாது. ஆகவே, அதே கிருமியோடு வாழும் பதினெட்டு முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ள இளைஞரைப் பயிற்றுவித்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பினர். 'நானும் விழுங்குகிறேன், நீயும் விழுங்கு' என்று சொல்லத்தக்கவர் அவர்கள்தாம். பிந்துரா, சாம்வா என்னும் மாவட்டங்களில் இதை ஒப்பிட்டு அளந்தபோது, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குக் கிருமி அடங்காமல் போயிருந்தது, அல்லது அவர்கள் இறந்துபோயிருந்தனர். இளைஞரின் துணையும் பெற்றவர்களில் அத்தொகை 25. அந்த இளைஞர் யாரும் நோய் எப்படி வந்தது, நீ நல்லவளா, கெட்டவனா என்று கேட்டுக்கொண்டு வாயிலில் நிற்கவில்லை.

இனி, பணப்பையைக் கையில் வைத்திருப்பவரின் செய்தி. 2014இல் அமெரிக்கா, 'கனவுகள்' என்று பொருள்படும் டிரீம்ஸ் என்னும் திட்டத்தைப் பத்து ஆப்பிரிக்க நாடுகளின் இளம்பெண்களுக்கென அறிவித்தது. கல்வியுதவி, மன்றம், மருந்து என்று நாம் மேலே சொன்ன பலவற்றை ஒருங்கே கோத்த திட்டம் அது. 2025 சனவரி 20ஆம் நாள் புதிய அதிபர் பதவியேற்றதும் வெளிநாட்டு உதவி அனைத்தும் ஒரே கையெழுத்தில் நிறுத்தப்பட்டது. உயிர்காக்கும் பணிகளுக்கு விலக்கு என்று பின்னர் சொன்னார்கள். அந்த விலக்கின் விளக்கம் பிப்ரவரியில் வந்தது. நோய் தொற்றாமல் முன்கூட்டியே காக்கும் மாத்திரையை, அந்தப் பணத்தில், கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே கொடுக்கலாம் என்றது அது!

வாசகர் சியரா லியோனின் பள்ளி வாயிலை மறந்திருக்க மாட்டார். அங்கே, கருவுற்றாய், ஆகவே உனக்குப் பாடமில்லை என்றார்கள். இங்கே, நீ கருவுறவில்லை, ஆகவே உனக்கு மாத்திரையில்லை. அவள் எந்த நிலையில் இருந்தால் இவர்களுக்கு ஏற்கும்?

அடுத்தவன் பணம் அடுத்தவன் மனம்போலத்தான் போகும் என்று சினந்து பயனில்லை. 2001ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள் நைசீரியத் தலைநகர் அபுசாவில் கூடி, தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மக்கள் நலவாழ்வுக்கு ஒதுக்குவோம் என்று உறுதி கூறினர். பெரும்பாலான நாடுகள் அந்த அளவைத் தொடவில்லை. படைக்கும் பவனிக்கும் தட்டின்றிப் பணம் கிடைக்கும் தலைநகரங்களிலே, மன்றத்துக்கு ஒரு கூரையும் பிந்துரா இளைஞனுக்கு ஒரு மிதிவண்டியும் வாங்கப் பணமில்லை என்கிறார்கள். நூற்றுக்குப் பதினைந்து எங்கே என்று கேட்க வேண்டியவர்கள், அந்நாடுகளில், இன்னும் வாக்குரிமை வயதை எட்டாதவர்கள். சியரா லியோன் மட்டும், தடையை நீக்கிய மறு ஆண்டில், 2021இல், கருவுற்ற மாணவியரும் தாயாகிவிட்ட மாணவியரும் பள்ளிக்கு உரியவரே என்று கொள்கை வகுத்து வெளியிட்டது. அந்த வகுப்பறைகளில் இடுப்பில் பிள்ளையோடு வருபவள் உட்கார இருக்கை போட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பதே அடுத்த வேலை.